ஓரத்தில் நிற்பவள்

அந்தப் பெண்ணின் தலைமுடி மட்டும் காயவே இல்லை.

சத்யபிரியாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கம்ப்யூட்டரில் ஓடிய படத்தில், புலியருவியில் எடுத்த காட்சியில் எல்லாரும் நனைந்திருந்தார்கள். அது சரி, அருவிக்குப் போனால் நனையத்தானே செய்வார்கள். ஆனால் அடுத்த காட்சி மங்குஸ்தான் கடை. அங்கே சின்னப்பிள்ளை ஹம்னா தலை துவட்டி, உடுப்பு மாற்றி, முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய உம்மா மெஹர் பானு பழங்களை அமுக்கி அமுக்கிப் பார்த்துப் பொறுக்குகிறாள். கடைக்காரர், பக்கத்தில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிக்கிறவர், கூட்டத்தில் போகிற வருகிறவர்கள், எல்லாரும் காய்ந்த மனிதர்கள். படத்தின் வலது ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பச்சைச் சேலைக்காரியின் கூந்தலில் இருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அடுத்த காட்சி வடகரையில் அவர்கள் வீட்டு முன்னறை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஹம்னா பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுக்கு ஆடிக்காட்டுகிறாள். வலது ஓரத்தில், அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே, அதே பச்சைச் சேலை, அதே முதுகு. அவள் காலடியில் சிமெண்டுத் தரை நனைந்து பளபளத்தது.

யாராவது சொந்தக்காரியாக இருக்கும் என்று சத்யபிரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும் அறை புழுங்கியது. திரும்பவும் போய்த் திறந்தாள்.

ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள் அவள். தென்காசி பெரிய கோயிலுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோவில், படம் பிடிக்கிறது புருஷன் பேச்சிராஜ், உட்கார்ந்து வெட்டி ஒட்டி டிவிடியில் ஏற்றிக் கொடுக்கிறது இவள். உட்கார்ந்து செய்கிற வேலையை உட்காரத் தெரியாதவளிடம் கொடுத்த கடவுளைத்தான் குறை சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் வெட்டிய படம் புது ஃபைலாக எக்ஸ்போர்ட் ஆகிற கோடு இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசிக்கு ஊர்ந்து போவதற்குள் கீபோர்டைத் துடைப்பாள், கவர்களை அடுக்குவாள், கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்குவாள். அந்த வருஷம் கரண்ட் வேறு அதன் இஷ்டத்துக்கு வந்தது, போனது. பழைய யுபிஎஸ் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது, டிவிடி எழுதிக்கொண்டிருக்கும்போது போய்விட்டால் டிஸ்க் வீண். அதனால் ஊரே சாரலில் குளிர்ந்து கிடக்கிற ஆனி மாதத்தில் அவளுக்கு மட்டும் எந்நேரமும் உள்ளங்கை வேர்த்தது.

அன்றைக்கு எழுத வேண்டியது மெஹர் பானுவின் படம். அவள் வீட்டுக்காரர் யஹ்யா துபாயில் இருந்து லீவில் வரும்போதெல்லாம் இவர்கள் ஸ்டூடியோவில் ஹேண்டிகேமை வாடகைக்கு எடுத்துப்போய்த் தானே படம் பிடிப்பார். ஹம்னா தொட்டிலில் கிடந்த காலத்தில் இருந்து அவள் படங்களை எல்லாம் வெட்டியது சத்யபிரியாதான். பல் முளைத்தது, முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனது, எல்லாம் இவள் கை வழியாகப் போனவை. நேரில் பார்த்த நேரம் கொஞ்சம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு ஒரு பிரியம். இந்தத் தடவை யஹ்யா திரும்பிப் போனதில் இருந்து பிள்ளை வாப்பா வாப்பா என்று ஏங்கிப் போயிருந்தாள். படத்தில் அவர் முகம் இல்லை, குரல் மட்டும் உண்டு. "ஹம்னா, இங்கன பாரு" என்று காட்சிக்குக் காட்சி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தையாவது பிள்ளை கேட்கட்டும், சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மெஹர் சொல்லியிருந்தாள்.

ஒரே ஒரு நிபந்தனை, பட்டை வரக்கூடாது. ஹேண்டிகேம் பிடிக்கிறது அகலப் படம். ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கிறது எல்லாம் பெட்டி டிவி. அகலப் படத்தை அப்படியே ஏற்றினால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும், ஆள் சின்னதாகத் தெரிவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அதைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, நல்ல காரியத்தில் எதுக்கு இத்தனை கறுப்பு என்று சண்டைக்கு நின்றிருக்கிறார்கள். அதனால் சத்யபிரியா எந்தப் படம் வந்தாலும் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் டிவி நிறைய வருகிற மாதிரி ஏற்றிக் கொடுப்பாள். ஓரத்தில் நிற்கிற தூரத்துச் சொந்தங்கள் எத்தனை பேர் அப்படி அவள் கையால் காணாமல் போயிருக்கிறார்கள் என்று அவளும் பேச்சிராஜும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இதையும் வெட்டினாள். பச்சைச் சேலைக்காரி போய்விட்டாள். பார்க்கவே மனசுக்கு நிம்மதியாக இருந்தது. எக்ஸ்போர்ட் முடிந்ததும், எப்போதும் போல மூலப் படத்தை அழித்தாள். ஆனி மாதம் முழுக்கக் கல்யாணம், ஹார்ட் டிஸ்க்கில் எள் போட இடம் இல்லை. வெட்டிய பிறகு வெட்டாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

டிஸ்க்கை எழுதி, மூலையில் இருந்த பழைய பெட்டி டிவியில் போட்டுப் பார்த்தாள்.

புலியருவி. ஹம்னா குழாய் மாதிரி விழுகிற தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து, மூச்சுத் திணறி, சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள். வலது ஓரத்தில் பச்சைச் சேலைக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

சத்யபிரியா எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். வெட்டும்போது தப்பாக நகர்த்தியிருப்போம். அப்படித்தான் இருக்கும். ஆனால் மங்குஸ்தான் கடையிலும் அவள் நின்றாள். வீட்டு முன்னறையிலும் நின்றாள், இப்போது அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில் இல்லை, அலமாரிக்கு இந்தப் பக்கம். படம் ஒடுங்கிய அளவுக்கு அவளும் உள்ளே வந்திருந்தாள். பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்திருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் தெறித்து சத்யபிரியாவின் கையில் பட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

மெஹர் பானுவுக்குப் போன் போட்டு, அருவிக்கு உங்களோடு வந்த பச்சைச் சேலை யாரம்மா, ஓரமாகவே நிற்கிறார்களே, வெட்டினால் வருத்தப்படுவார்களோ என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பச்சைச் சேலையா? நாங்க மூணு பேருதானக்கா போனோம். வேற யாரும் வரலியே" என்றாள் மெஹர். பிறகு, கேட்காமலே சொன்னாள். "இந்தப் பிள்ளைக்குத்தான் என்னன்னு தெரியல. இன்னைக்குத் தலைக்கே ஊத்தலக்கா. ஆனா துவட்டத் துவட்ட ஈரமாவே இருக்கு. வலது பக்கம் மட்டும்."

சளி பிடித்துவிடப் போகிறது, நல்லாத் துவட்டி விடு என்று சொல்லிப் போனை வைத்தாள். கீழே மருந்துக்கடையில் யாரோ சிரித்தார்கள். தெருவில் ஆட்டோ ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. எல்லாம் வழக்கம் போல இருந்தது. அதனால் அவளும் வழக்கம் போல வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் வெட்டினால் போய்விடுவாள். பிள்ளை மட்டும் தெரிந்தால் போதும், மெஹர் கேட்பதும் அதைத்தானே. ஏற்கெனவே வெட்டியதை எடுத்துப் பெரிதாக்கி, திரும்ப ஓரங்களை வெட்டினாள். திரையில் ஹம்னா மட்டும் இருந்தாள். கண்ணை மூடித் திறந்து, படத்தை ஓட விட்டு, நிறுத்தி, திரும்ப ஓட விட்டு உறுதி செய்துகொண்டாள். ஹம்னா மட்டும்தான். அதை எக்ஸ்போர்ட் பண்ணிவிட்டு, முந்தியதை அழித்தாள். கை பழக்கம்.

கோடு ஊர்ந்தது. கோயில் பக்கத்தில் இருந்து அடிக்கிற காற்று மாடிப்படி வழியாக ஏறி வந்து கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. அதில் ஒரு வாசனை இருந்தது. பாசி பிடித்த பாறை வாசனை, ஈரச் சேலையை நாள் கணக்கில் பிழியாமல் போட்டு வைத்தால் வருகிற புழுங்கல் வாசனை. கீழே மருந்துக்கடைக்குப் பின்னால் ஏதோ கிடக்கிறது என்று நினைத்தாள். நினைக்கப் பார்த்தாள். எழுந்து சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் நடந்தாள். மேசைக்கும் கதவுக்கும், கதவுக்கும் மேசைக்கும்.

டிஸ்க் வெளியே வந்தது. டிவியில் போட்டாள்.

ஹம்னா. அவளை ஒட்டி பச்சைச் சேலை.

இப்போது முழு ஆளும் தெரியவில்லை. தோள், இடுப்பு, தொங்குகிற ஒரு கை. விரல்நுனிகள் வெளுத்து, நீரில் ஊறிச் சுருங்கி இருந்தன. ஹம்னா ஆடிக்கொண்டே கையை வீசும்போது அந்த விரல்களில் பட்டது. பட்டதும் பிள்ளை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தது மூலப் படத்தில் இல்லை. சத்யபிரியாவுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

போன் அடித்தது. மெஹர். டிவிடி ஆயிடுச்சா, இப்பவே கிளம்பி வந்துவிடவா என்று கேட்டாள். குரல் சரியாக இல்லை.

"பிள்ளை ஒரு மாதிரியா இருக்காக்கா. கட்டில்ல ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் படுக்கா. கேட்டா, 'இவங்களுக்கும் எடம் வேணும்லா உம்மா'ங்கா. வாப்பா சத்தத்தக் கேட்டா தெளிஞ்சிருவான்னு தோணுது."

வா என்று சொன்னாளா, வராதே என்று சொன்னாளா, சத்யபிரியாவுக்கே நினைவில்லை. பயம் அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. நான்தான். நான் வெட்டின ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் ஒரு எட்டு உள்ளே வந்திருக்கிறாள். அவள் நிற்பது ஓரத்தில். ஓரத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளை பக்கத்தில் வைத்தது என் கை.

பேச்சிராஜைக் கூப்பிட்டாள். அவன் கடையத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. யஹ்யா படம் பிடித்த மெமரி கார்டு உன்னிடம்தானே இருக்கிறது, அதில் எதையும் தொடாதே, அந்த மூலப் படம் எனக்கு வேண்டும் என்றாள்.

"ஏட்டி, அதுலதான இப்ப தாலிகட்டு எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றான் அவன். "காலையிலேயே ஃபார்மட் அடிச்சாச்சு. நீ காப்பி பண்ணிட்டல்லா?"

பண்ணினேன் என்றாள். அழித்தும் விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மிச்சம் இருந்தது கடைசியாக வெட்டிய ஒடுக்கமான படம் ஒன்றுதான். அதையும் அழித்துவிடலாமா. விரல் அந்தப் பொத்தான் மேலே போய் நின்றது. அந்தப் படத்தில் இருப்பது அவள் மட்டும் இல்லையே. ஹம்னாவும் இருக்கிறாள். அழித்தால் யார் போவார்கள், யார் இருப்பார்கள். விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் இதை முதலிலேயே செய்யாமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பச்சைச் சேலைக்காரிக்கு நிற்க இடம் இல்லை, அதனால்தானே பிள்ளையை நெருக்குகிறாள். இடத்தைக் கொடுத்துவிட்டால் என்ன. பழையபடி அகலப் படமாக மாற்றி, ஒடுக்கமான படத்தை நடுவில் வைத்தாள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. அந்தக் கல்யாண வீட்டுச் சண்டைகளுக்குப் பிறகு ஒருவருக்கும் அவள் கொடுக்காத கறுப்பு. அகலமான கறுப்பு. வலது பக்கப் பட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாள். போ. அந்தப் பக்கம் போய் நின்னுக்கோ. வாய்விட்டே சொன்னாள்.

எக்ஸ்போர்ட் ஓடியது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, பகல் பகலாகவே இல்லை. கரண்ட் போய்விடக் கூடாது, இந்த ஒரு தடவை மட்டும் போய்விடக் கூடாது. டிஸ்க் சுழல்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். அது முடியவும் மாடிப்படியில் காலடி கேட்கவும் சரியாக இருந்தது.

மெஹர் பானு குடையைத் தணித்துப் பிடித்தபடி வந்தாள். தன் தலை நனைந்தாலும் பிள்ளை நனையாமல் இருக்க அவ்வளவு தாழ்த்திப் பிடித்திருந்தாள். குடைக்குள் இருந்து ஹம்னா எட்டிப் பார்த்தாள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். இடது சடை உலர்ந்திருந்தது. வலது சடை நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது. வலது கையை மட்டும் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தாள், யாரோ பிடித்திருக்கிற மாதிரி. சத்யபிரியா அவளை வாரி எடுத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிள்ளை அருவித் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தாள்.

"இவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டாள் ஹம்னா.

சத்யபிரியா டிவி பக்கம் திரும்பினாள். டிஸ்க்கைப் போட்டாள்.

படம் வந்தது. நடுவில் ஹம்னா, அவளை ஒட்டிப் பச்சைச் சேலை, இரு பக்கமும் கறுப்பு. பக்கத்தில் நின்ற மெஹர் அந்தச் சேலையைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, மகளை மட்டும் பார்த்துச் சிரித்தாள். "ஹம்னா, இங்கன பாரு" என்றது யஹ்யாவின் குரல். நாற்காலியில் இருந்த பிள்ளை வாப்பா என்று மெதுவாகச் சொன்னாள். திரையில் பச்சைச் சேலை அசைந்தது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. படத்தின் ஓரத்தைத் தாண்டி, கறுப்புக்குள் போனது. சேலையும் போனது, கூந்தலும் போனது. நடுவில் ஹம்னா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சத்யபிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து நின்று அழுதாள், சிரித்தாள். மெஹர் என்னக்கா என்று பதறினாள். ஒன்றுமில்லை, பிள்ளை நல்லா இருக்கா பாரு என்றாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

கறுப்புப் பட்டைக்குள் இருந்து ஒரு கை நீண்டது.

வெளுத்த விரல்கள். அவசரம் இல்லாமல். படத்தின் ஓரத்தைத் தாண்டி, ஒளிக்குள். திரையில் இருந்த ஹம்னா அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொண்டாள். நடந்தாள்.

அந்தக் கறுப்புக்குள் இடம் இருந்தது. இரண்டு பேருக்கும் தாராளமாக. கொடுத்தது இவள்.

சத்யபிரியா டிவியை நோக்கிப் பாய்ந்தாள். கரண்ட் போனது.

இருட்டு. சாரல் சத்தம். யுபிஎஸ் விட்டு விட்டுக் கத்தியது. பாசி வாசனை அறை முழுக்க இருந்தது, மூச்சு முட்ட. பிறகு அதுவும் விலகியது. "சரி வாட்டி, போவோம். பஸ்ஸு போயிரும்" என்று மெஹர் பானுவின் குரல் சாதாரணமாகச் சொன்னது. "டிவிடிய பொறவு வந்து வாங்கிக்கிடுதேன்க்கா." மாடிப்படியில் காலடிகள் இறங்கின. இரண்டு பேருடைய காலடி. இரண்டும் ஒரே கனம்.

தடவிப் போய் நாற்காலியைத் தொட்டாள். தண்ணீர்.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் மெஹர் பானு குடை பிடித்துக்கொண்டு போனாள். குடை தாழ்ந்து இல்லை. கையை முழுசாக நீட்டி, உயரமாகப் பிடித்திருந்தாள். குடைக்குக் கீழே பச்சைச் சேலையின் கரை தெரிந்தது. அது காய்ந்திருந்தது. காற்றில் படபடத்தது.

"மெஹர், பிள்ளை எங்கம்மா?"

மெஹர் நின்றாள். திரும்பி மேலே பார்த்துச் சிரித்தாள், இப்படியும் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

"இந்தா, எங்கூடத்தானக்கா நிக்கா" என்றாள். பக்கத்தில் இருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கரண்ட் வந்தது. டிவி தானாக உயிர் பெற்று, டிஸ்க்கை முதலில் இருந்து ஓட விட்டது. புலியருவி. தண்ணீர் விழுகிற சத்தம்.

"ஹம்னா, இங்கன பாரு."

நடுவில் பச்சைச் சேலையில் ஒருத்தி தண்ணீருக்குள் இருந்து தலையை எடுத்தாள். கூந்தல் உலர்ந்திருந்தது. முகம் நிறையச் சிரிப்பு.

"ஹம்னா, இங்கன பாரு."

வலது ஓரத்தில், கறுப்புப் பட்டைக்குள், ஒரு சின்ன முதுகு. இரட்டைச் சடை. சிவப்பு ரிப்பன். இரண்டு சடையில் இருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"இங்கன பாரு, ஹம்னா."

அது திரும்பவில்லை.